சிறகில்லாத விருந்தாளிகள்: ரோம் முதல் இஸ்தான்புல் வரை

செப்டம்பர் 27, ரோம்

கொலோசியத்துக்கு வெளியே நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவைப் பார்க்கக் காசு வேண்டாம், வரிசையும் இல்லை. அதனாலோ என்னவோ அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்னால் நின்று ஒரு செல்ஃபி, அப்புறம் கொலோசியம் வரிசைக்கு ஓட்டம். 315இல் கட்டிய வளைவு. நடு வாசலின் இரு தோள்களிலும் ஆடை பறக்கச் சிறகு விரித்துத் தோளுக்கொரு பெண். தேவதூதர்கள் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் இவர்கள் ரோமானியரின் வெற்றித் தேவதை விக்டோரியா. கிரேக்கர்கள் இவளையே நைக்கி என்பார்கள்.

நான் இந்தப் பயணம் கிளம்பியதே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்: தேவதூதர்களுக்குச் சிறகு எப்போது முளைத்தது? பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்னும் வானவர்களுக்கு ஆறு சிறகு உண்டு. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் கேருபீன்கள் என்னும் வானவர்களின் தங்க உருவங்கள் சிறகு விரித்து இருக்கின்றன. ஆனால் சேதி கொண்டுவரும் தூதர்கள் ஆபிரகாமின் கூடார வாசலில் வழிப்போக்கர்களைப் போல வந்து நிற்கிறார்கள். யாக்கோபின் கனவில் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். சிறகு இருந்தால் ஏணி எதற்கு? இதே ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் இருக்கும் பழைய ஓவியத்திலும், மரியாளிடம் சேதி சொல்ல வந்த கபிரியேல் அங்கி போட்ட ஓர் இளைஞர், அவ்வளவுதான்.

மதியம் சாந்தா மரியா மஜோரே பேராலயத்துக்கு நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை விற்கும் வங்காளதேசத்துப் பையன்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ, மேகம் இடிப்பதற்குள் கையில் குடையோடு நிற்கிறார்கள். ஒருவர் ஐந்து யூரோ சொன்னார். நான் மூன்று என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இந்தியா?" என்று சிரித்து மூன்றுக்கே கொடுத்தார்.

ஆலயத்துக்குள் மொசைக் படங்கள் 430களில், போப் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் பதித்தவை. நடுக்கூடத்தின் இடது சுவரில் உயரே ஆபிரகாம் கதை வரிசையாகப் போகிறது. கழுத்து வலிக்கிற உயரம். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் தாத்தா கேட்காமலேயே தன் பைனாகுலரை நீட்டினார். பறவை பார்க்கக் கொண்டுவந்ததாம். அதில் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது: ஆபிரகாமைத் தேடி வந்த மூன்று விருந்தாளிகள், வெள்ளை உடை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், முதுகில் ஒன்றுமில்லை. கீழே அவர் மனைவி சாராள் அப்பம் தயார் செய்கிறாள், ஆபிரகாம் பரிமாறுகிறார், மூவரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது தலையை பலிபீடத்துப் பக்கம் திருப்பினால், பெரிய வளைவில் மரியாள் அரசகுமாரி மாதிரி உட்கார்ந்து நூல் நூற்கிறாள். அவளுக்கு மேலே கபிரியேல் பறந்து வருகிறார், அகலமான சிறகுகளோடு. சுற்றிலும் காவலர்களைப் போல நிற்கும் தூதர்களுக்கும் சிறகு. ஒரே ஆலயம், ஒரே காலத்து வேலை, இரண்டு வகைத் தூதர்கள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு குஷி. தாத்தாவிடம் கைச்சாடையில் விளக்கிப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் பைனாகுலரைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

இரவு சாப்பாடு சப்ளி. தக்காளிச் சாறில் வெந்த அரிசி, உள்ளே உருகும் பாலாடைக்கட்டி, உருட்டிப் பொரித்தது. ஒன்று 2.50 யூரோ. மூன்று உள்ளே போனது.

செப்டம்பர் 28, ரோம்

சாந்தாஞ்சலோ கோட்டை. ஹேட்ரியன் சக்கரவர்த்தி தனக்காகக் கட்டிக்கொண்ட கல்லறை, பிறகு கோட்டை, சிறை, போப்புகள் ஓடி ஒளியும் இடம், இன்று அருங்காட்சியகம். 590இல் ரோமில் கொள்ளைநோய். முதலாம் கிரகோரி பவனி நடத்தி வரும்போது இந்தக் கட்டடத்தின் உச்சியில் அதிதூதர் மிக்கேல் நின்று வாளை உறையில் போடுவதைக் கண்டதாகக் கதை. கோபம் தணிந்தது, நோய் நின்றது. உச்சியில் இருக்கும் வெண்கல மிக்கேல் 18ஆம் நூற்றாண்டில் வெர்ஷாஃபெல்ட் என்ற ஃபிளமிஷ் சிற்பி செய்தது. வாள் உருவுவதாகத்தான் பலர் நினைத்துப் படம் எடுக்கிறார்கள். கையை நன்றாகக் கவனித்தால் அவர் உறையில் செருகுகிறார் என்பது தெரியும்.

அவருக்கு முன்னால் உச்சியில் நின்றவர் இப்போது கீழே முற்றத்தில் இருக்கிறார். 1544இல் ரஃபாயெல்லோ தா மோன்தெலூப்போ பளிங்கில் செய்தது. உடம்பு பளிங்கு, சிறகு மட்டும் உலோகம். எனக்கு இந்தப் பழையவரைத்தான் பிடித்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் முகம். மேலே இருப்பவர் கொஞ்சம் நாடக நடிகர்.

வெயில் தாங்கவில்லை. நேற்று அந்த மழை, இன்று இந்த வெயில். காப்பி கவுண்டரில் நின்று குடித்தால் 1.30 யூரோ, அதே காப்பியை நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் 4.50. ரோம்காரர்கள் யாரும் உட்காருவதில்லை என்பதை இரண்டு நிமிடம் கவனித்தால் போதும், புரிந்துவிடும். குடிநீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு வளைந்த மூக்குக் குழாயில் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 29, ரோம், பிறகு ரயிலில்

இன்று மிக்கேல், கபிரியேல், ரஃபேல் மூவருக்கும் திருநாள். மிக்கேல் இத்தாலிய போலீசுக்குப் பாதுகாவலர். கபிரியேலை 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் தொலைத்தொடர்புத் துறைக்குப் பாதுகாவலராக்கினார். சேதி கொண்டுவந்தவருக்குத் தந்தியும் தொலைபேசியும் கொடுத்தது நியாயம்தான். என் போனில் சிக்னல் மட்டும் வந்து வந்து போகிறது.

காலையில் மறுபடி மழை. கோட்டைக்கு எதிரே சாந்தாஞ்சலோ பாலத்தில் இரு புறமும் சேர்த்துப் பத்து தூதர்கள், இயேசு பட்ட பாடுகளின் கருவிகளை ஆளுக்கொன்றாக ஏந்தி: ஆணி, சாட்டை, ஈட்டி, முள்முடி. 1660களின் கடைசியில் போப் ஒன்பதாம் கிளெமென்ட் சொல்லி சிற்பி பெர்னினி திட்டமிட்டது. படம் எடுக்க நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "தமிழா தம்பி?"

சாம்பல் நிற அங்கி, கருப்புக் குடை, கையில் மருந்துக் கடைப் பை. தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னியாஸ்திரி. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாராம். என் முதுகுப்பையில் ஆடிய முருகன் சாவிக்கொத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"எந்த ஊரு?"

"மதுரைப் பக்கம், சிஸ்டர்."

"மழையில நிக்கிற இந்தப் பத்துல பெர்னினி கையால செஞ்சது ரெண்டுன்னு கைடுங்க சொல்லுவாங்க. நம்பாதீங்க. அவர் செஞ்ச ரெண்டையும் மழையில வைக்க போப்புக்கு மனசில்ல. இங்க நிக்கிறது அதோட மறு உருவம். அசல் வேணும்னா சாந்த் அந்திரேயா தெல்லெ ஃபிராத்தெ போங்க. பன்னிரண்டரைக்கு மூடிருவாங்க, ஓடுங்க."

ஓடினேன். மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு உள்ளே நுழைந்தேன். ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன ஆலயம். பலிபீடத்துக்கு இரு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு தூதர்கள். ஒருவர் கையில் முள்முடி, இன்னொருவர் கையில் சிலுவையின் பெயர்ப்பலகை. 1729இலிருந்து இங்கேதான் இருக்கிறார்கள். முள்முடியை ஏந்தியவருக்கு அழுகை வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியைப் பளிங்கில் எப்படிப் பிடித்தாரோ. உள்ளே நானும், பூக்களை மாற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் மட்டும். பாலத்தில் நூறு பேர் மறு உருவத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விடைபெறும்போது சிஸ்டர் சொன்னது: "ரெண்டாந்தேதி காவல் சம்மனசுகள் திருநாள். எங்க இருந்தாலும் நினைச்சுக்கோங்க. சாமி வேற வேறன்னாலும் பரவால்ல." சம்மனசு என்றால் தேவதூதர்.

கடைத்தெரு முழுக்க, காந்தம், குடை, சாக்லேட் டப்பா எல்லாவற்றிலும் கன்னத்தில் கை வைத்த இரண்டு குண்டுக் குழந்தைகள். ஓவியர் ரஃபாயேல் வரைந்த அந்தப் படம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இருக்கிறது. ரோமில் விற்கிறார்கள். சிறகு வைத்த அந்தக் குழந்தைகளின் வம்சம் ரோமானியக் காதல் தேவன் குபிடோவிடம் போகும். பார்த்ததும் அஞ்சி விழவைத்த, "பயப்படாதே" என்று பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருந்த ஆட்களை இப்படிக் கொழுகொழு என்று ஆக்கியது எனக்கு ஒப்பவில்லை.

செப்டம்பர் 30, ஃபுளோரன்ஸ்

சான் மார்க்கோ மடம். மாடிப்படி ஏறித் திரும்பியதும் எதிரே துறவியும் ஓவியருமான ஃபிரா ஆஞ்சலிக்கோவின் மங்கள வார்த்தை ஓவியம், அதாவது கபிரியேல் மரியாளுக்குச் சேதி சொல்லும் காட்சி. 1440களில், துறவிகள் தினம் போய்வரும் வழியில் வரைந்தது. கடந்து போகும்போது ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்ல மறக்காதே என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறார்கள். கபிரியேலின் சிறகு பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது. எந்தப் பறவைக்கும் இப்படிச் சிறகு கிடையாது. அதுதான் அழகு. அதே துறவி பக்கத்து அறையொன்றில் இன்னொரு முறை வரைந்ததில் தோட்டமும் இல்லை, அலங்காரமும் இல்லை. வெறும் சுவர், இரண்டு பேர், ஓரத்தில் பார்த்து நிற்கும் ஒரு புனிதர். எனக்கு இது இன்னும் மேல்.

உஃபிஸி ஓவியக் கூடத்தில் லியோனார்தோ தா வின்சி இளவயதில் வரைந்த அதே காட்சி. அவர் மட்டும் நிஜப் பறவையின் சிறகைப் பார்த்து வரைந்திருக்கிறார். பறக்கும் இயந்திரம் செய்யத் துடித்தவர் வேறெப்படி வரைவார்! ஆனால் அதனாலேயே அந்தத் தூதர் பறப்பாரா என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. உஃபிஸியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கூட்டம், கூட்டம், கூட்டம்.

இரவு ரிபொல்லீத்தா. பழைய ரொட்டி, பீன்ஸ், கருங்கீரை போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிச் சூப். ஏழைகளின் சாப்பாடு என்றார் பரிமாறியவர். 11 யூரோ.

அக்டோபர் 1, ஃபுளோரன்ஸ் ரயில் நிலையம்

வேலை நிறுத்தம். பலகையில் வரிசையாகச் சிவப்பு எழுத்து. ரவென்னாவுக்குப் போகும் ரயில்கள் எல்லாம் ரத்து. மாலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் கட்டாயம் ஓட்ட வேண்டிய ரயில்கள் ஓடுமாம். காலை பத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இத்தாலியர்கள் யாரும் கத்தவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் பையிலிருந்து சாப்பாட்டை எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஃபயென்ஸா ஊர் அம்மா ஒருவர் கருந்திராட்சைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். பேச்சு ஒன்றும் ஓடவில்லை. நான் எடுக்காமல் இருந்தபோதெல்லாம் விரலால் பொட்டலத்தைத் தட்டிக் காட்டினார். ஆறரைக்கு வண்டி வந்தது. என் பெட்டியைத் தூக்கி வைத்ததும் அவர்தான், எழுபது வயதிருக்கும்.

அக்டோபர் 2, ரவென்னா

ராத்திரி முழுக்கக் கொசு. இத்தாலியில் கொசு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ரவென்னா! ஊர் சின்னது, எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள், ஆறாம் நூற்றாண்டு அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாந்த் அப்பொலினாரே நுவோவோ ஆலயத்தில், இடது சுவரில் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்னப் படம். இயேசு நடுவில். அவருடைய வலப்பக்கம் சிவப்புத் தூதர், முன்னால் செம்மறி ஆடுகள். இடப்பக்கம் நீலத் தூதர், முன்னால் வெள்ளாடுகள். நீலத் தூதர்தான் கிறிஸ்தவக் கலையில் சாத்தானின் முதல் உருவம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அவருக்குக் கொம்பு இல்லை, வால் இல்லை, முகத்தில் கோணலும் இல்லை. சிவப்புக்காரரைப் போலவே அமைதியாக, அதே ஒளிவட்டத்தோடு நிற்கிறார். பின்னால் வந்தவர்கள்தான் அவரை அசிங்கப்படுத்தினார்கள்.

அடுத்து சான் விடாலே, 547இல் அபிஷேகம் ஆன ஆலயம். ஆபிரகாமின் அந்த மூன்று விருந்தாளிகள் மறுபடியும் இங்கே மரத்தடியில். சிறகு இல்லை. மேசையில் மூன்று அப்பம், ஆபிரகாம் தட்டில் கன்றைச் சமைத்துக் கொண்டுவருகிறார், கதவோரம் சாராள். அவர்கள் தலைக்கு நேர் மேலே, அதே சுவரில், இரண்டு தூதர்கள் சிறகு விரித்துப் பறந்தபடி சிலுவை போட்ட வட்டம் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் தாங்குகிறார்கள். அந்த ஜோடியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ரோமானியக் கல்லறைப் பெட்டிகளில் விக்டோரியாக்கள் இப்படித்தான் எதிரெதிராகப் பறந்து வட்டம் தாங்குவார்கள். ஆளை மாற்றி, வேலையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பறப்பதைக் காட்டச் சிறகு வேண்டும் என்று யார் சொன்னது? மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் கந்தர்வ ஜோடிகள் முழங்காலைப் பின்னால் மடக்கியே பறக்கிறார்கள். பல்லவச் சிற்பிக்கு அந்த மடக்கல் போதுமாக இருந்தது. மேற்கில் வேறு சிக்கல்: மொசைக்கில் புனிதரும் தூதரும் ஒரே அங்கி, ஒரே ஒளிவட்டம். யார் யார் என்று காட்டச் சிறகு கைகொடுத்திருக்கும்.

மதியம் பியாதீனா, மெல்லிய ரொட்டிக்குள் குழைவான பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும், 6 யூரோ. கிட்டத்தட்ட நம் சப்பாத்திதான். காவல் சம்மனசை நினைத்துக்கொண்டேன், சிஸ்டருக்காக. மாலை பொலோஞா போய் விமானம்.

அக்டோபர் 3, இஸ்தான்புல்

ஹாகியா சோஃபியா. 537இல் பேராலயம், 1453இல் பள்ளிவாசல், பிறகு அருங்காட்சியகம், 2020இல் மறுபடி பள்ளிவாசல். சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும், 25 யூரோ. வலித்தது. நடுவில் சாரக்கட்டு வேறு பாதியை மறைக்கிறது. ஆனால் கும்மட்டத்துக்குக் கீழே நான்கு மூலையிலும் ஆறு சிறகுச் சேராபீன்களைப் பார்த்ததும் வலி போய்விட்டது. உடம்பே கிடையாது. சிறகுக் குவியல், நடுவே முகம். கிழக்குப் பக்கம் இரண்டும் பழைய மொசைக். மேற்கில் உள்ளவை 1840களில் பழுது பார்த்த ஃபொஸாத்தி சகோதரர்கள் வண்ணத்தால் வரைந்து சேர்த்தவை. முகங்களை நட்சத்திர வடிவ உலோக மூடியால் மறைத்ததும் அவர்கள்தான். 2009இல் ஒரு முகத்தின் மூடியைக் கழற்றினார்கள். அகலக் கண்களோடு இறுக்கமான முகம். ரோமின் சாக்லேட் டப்பாவுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

மாலை சுலைமானியே பள்ளிவாசல். படம் என்று ஒன்றுமே இல்லை, எழுத்தும் கொடியும் விளக்கும்தான். ஆனால் மலக்குகள், அதாவது இஸ்லாமின் தேவதூதர்கள், இங்கேதான் நிறைய இருக்கிறார்கள். ஒளியால் படைக்கப்பட்டவர்கள் என்பது ஹதீஸ், நபிமொழி. இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காகச் சிறகுள்ளவர்கள் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. ஆக, வேதத்தில் சிறகு இருந்தும் சுவரில் வரையாதவர்கள் இவர்கள். தொழுகை முடிவில் எல்லாரும் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் தலை திருப்பி ஸலாம் சொன்னார்கள். பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு கல்லூரி மாணவர் ஆங்கிலத்தில் விளக்கினார்: பக்கத்தில் தொழுகிறவர்களுக்கும், இரு பக்கமும் நம் செயல்களை எழுதிக்கொண்டிருக்கும் மலக்குகளுக்கும் சேர்த்து அந்த ஸலாம். வலப்பக்கத்தவர் நல்லதை எழுதுவார், இடப்பக்கத்தவர் கெட்டதை. வெளியே வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், முறைத்தார்.

அக்டோபர் 4, இஸ்தான்புல்

காலைச் சாப்பாடு சிமித் ரொட்டி, 20 லிரா. காற்று குடையைப் பிய்த்து எறிந்தது. மூன்று யூரோ இவ்வளவு நாள் தாங்கியதே அதிகம்.

தொல்லியல் அருங்காட்சியகத்தில் பெரும்பாலானோர் அலெக்சாந்தர் கல்லறைப் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். எனக்கு வேண்டியது இளவரசன் பெட்டி. 1933இல் இந்த ஊரிலேயே சாரிகூஸெல் என்ற இடத்தில் கிடைத்தது. ஒரு குழந்தையை வைக்கும் அளவுதான் இருக்கும். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. நீளப் பக்கத்தில் எதிரெதிராகப் பறக்கும் இருவர், நடுவில் மாலை, மாலைக்குள் கிறிஸ்துவின் சின்னம். இருவரும் ஆண்கள், மேலங்கி போட்டவர்கள், பெரிய சிறகு. சிறகுள்ள கிறிஸ்தவத் தூதர்களில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஜோடி இதுதான் என்பார்கள். ரோமில் வளைவுத் தோள்களில் ஆடை பறக்க நின்ற பெண்கள் ஆணாக மாறி, வேலை மாறி, இங்கே ஒரு குழந்தையின் பெட்டியைச் சுமக்கிறார்கள். வெகுநேரம் நின்றேன். காவலர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் விளக்கு நன்றாக விழும் பக்கத்தைக் கை காட்டினார்.

மதியம் சுலைமானியே தெருவில் வெள்ளை பீன்ஸும் சோறும், 380 லிரா. இருநூறு நோட்டு இரண்டு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பரிமாறிய பெரியவர் பின்னாலேயே ஓடிவந்தார். புது நோட்டு, ஒட்டிக்கொண்டு மூன்றாகப் போயிருக்கிறது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, போனில் துருக்கியில் ஏதோ பேசி மொழிபெயர்ப்பைக் காட்டினார்: "இடது தோளில் உள்ளவருக்கு இன்று ஏற்கெனவே நிறைய வேலை." மீதி இருபது லிராவை மட்டும், அது டிப்ஸ்தானே என்று அவரே பையில் போட்டுக்கொண்டார்.